நீ அனுப்பிய ஒப்பந்தத்தைப் படித்தேன்

அன்பு மச்சான்,

உன் மெயிலும் ஒப்பந்த நகலும் வந்து சேர்ந்தன. முதலில் வாழ்த்துகள்டா. செய்யாறு பக்கத்துக் கூத்துக் குழுவை வைத்து ஒரு கேம் செய்யப்போகிறேன் என்று நீ சொன்னபோது நம் கூட்டத்தில் பாதிப் பேர் இதை யார் வாங்குவார்கள் என்றுதான் கேட்டார்கள். இன்றைக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு பப்ளிஷர் அதற்குப் பணம் போடுகிறேன் என்று வந்து நிற்கிறார். உன் டெமோவை என் மகள் திரும்பத் திரும்பப் போட்டு விளையாடுகிறாள். விடியற்காலையில் தூங்கி விழும் ஜனத்தைக் கட்டியங்காரன் சிரிக்க வைத்து எழுப்பும் இடம் இருக்கிறதே, அதுதான் அவளுக்கு உயிர். எனக்கும்தான்.

வீட்டில் எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மறுபடி பேப்பரை வரி விடாமல் படிக்கிறார். நான் அதே கம்பெனி, அதே புரொடியூசர் வேலை, பெரும்பாலும் வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்கு ஆர்ட் செய்து கொடுக்கிறோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பணம் போதுமா என்று கேட்டிருந்தாய். ஒன்றரை லட்சம் டாலர் உன் டீமுக்குப் போதும், கொஞ்சம் இழுத்துப் பிடித்தால். எனக்கு உறுத்துவது பணம் இல்லை, பதினோராவது பிரிவு. கேமின் பெயர், பாத்திரங்கள், கோட் (புரோகிராம்), படங்கள், இனி வரப்போகும் பாகங்கள் எல்லாமே கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து பப்ளிஷருக்குச் சொந்தம் என்கிறது அது. ஏழாவது பிரிவோ, பப்ளிஷர் நினைத்தால் 30 நாள் நோட்டீஸில் காரணம் சொல்லாமலே நிறுத்திக்கொள்ளலாம் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்துப் பார். நடுவில் அவர்கள் கைகழுவினால் உன்னிடம் மிஞ்சுவது கம்ப்யூட்டரும் சம்பள பாக்கியும்தான். கட்டியங்காரன்கூட அவர்களோடு போய்விடுவான்.

நல்லவர்கள் மாதிரி தெரிகிறது, அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். இருக்கலாம். ஆனால் ஒரு கேமுக்கு ஓகே சொல்வது எப்படி நடக்கிறது என்று பார். பப்ளிஷர் கம்பெனிக்குள் யாரோ ஒருவருக்கு உன் டெமோ பிடித்திருக்கும். அவர் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கமிட்டியில் வாதாடுவார். இதே மாதிரி கேம்கள் எவ்வளவு விற்றன, எந்த மாதம் வெளியிடலாம், எந்தெந்த மேடைகளில் (பிசி, ஸ்விட்ச் மாதிரி கேம் ஓடும் கருவிகளில்) வரும் என்று ஒரு கணக்குத் தாள் போடுவார். கமிட்டி தலையாட்டினால்தான் உனக்கு மெயில் வரும். அப்புறமும் வெர்டிக்கல் ஸ்லைஸ் என்று ஒரு கட்டம், அதாவது முழு கேமும் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு சின்னப் பகுதியை மட்டும் முழுத் தரத்தில் முடித்துக் காட்ட வேண்டும். பிறகு ஆல்ஃபா, பீட்டா என்ற சோதனைப் பதிப்புகள். ஒவ்வொரு கட்டத்திலும் அதே கமிட்டி திரும்ப உட்காரும். உனக்காக வாதாடிய ஆள் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால், உன் கேமைப் பற்றி அந்த அறையில் பேச ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

சைக்கோநாட்ஸ் கதை உனக்குத் தெரியுமா? டிம் ஷேஃபரின் டபுள் ஃபைன் ஸ்டூடியோ மைக்ரோசாஃப்டின் பணத்தில் எக்ஸ்பாக்ஸுக்காகச் செய்துகொண்டிருந்த கேம். அங்கே கேம் பிரிவைக் கவனித்துவந்த எட் ஃப்ரைஸ் 2004இல் வெளியேறினார், அதே வருஷம் மைக்ரோசாஃப்ட் அந்த கேமைக் கைவிட்டது. அவ்வளவு வருஷ உழைப்பும் போயிருக்க வேண்டியதுதான், ஆனால் கேம் ஷேஃபர் கையிலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மஜெஸ்கோ என்ற இன்னொரு பப்ளிஷரிடம் போனார், 2005இல் கேம் வெளிவந்தது. விமர்சனங்கள் அமோகம், விற்பனை மோசம். அதோடு முடியவில்லை. சில வருஷம் கழித்து வெளியிடும் உரிமையும் டபுள் ஃபைனுக்கே திரும்பி வந்தது, அதன் பிறகு அந்தப் பழைய கேம் முதலில் விற்றதைவிட அதிகமாக விற்றது. அந்த ஆதரவைப் பார்த்துத்தான் இரண்டாம் பாகத்துக்கு ஃபிக் தளத்தில் மக்களிடமே பணம் கேட்டார்கள், 38 லட்சம் டாலர் சேர்ந்தது. 2019இல் மைக்ரோசாஃப்டே டபுள் ஃபைனை வாங்கியது, 2021இல் சைக்கோநாட்ஸ் 2 எக்ஸ்பாக்ஸ் பெயரோடு வந்தது. வேண்டாம் என்று விட்டவர்களே 17 வருஷம் கழித்து வெளியிட்டார்கள்! 2004இல் பெயர் மைக்ரோசாஃப்டிடம் மாட்டியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

எங்களுக்கு நடந்தது நேர் எதிர். போன வருஷம் நான் போனில் அரைகுறையாகச் சொன்னேனே, அந்த கேம். எங்கள் சொந்தக் கதை, ஒரு வெளிநாட்டு பப்ளிஷர் பணம் போட்டார் (பெயர் வேண்டாம்). ஆல்ஃபாவை அனுப்பினோம், "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று ஒரு பதில். அடுத்த மாதமும் அதே பதில். கேமைத் தேர்ந்தெடுத்த பெண் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. புதிதாக வந்தவர் ஒரு வீடியோ கால் போட்டு, எங்கள் திசை மாறிவிட்டது என்று சொல்லி முடித்தார். கேமின் முழு புரோகிராமும் அவர்களிடம் இருக்கிறது. அவர்களும் வெளியிடவில்லை, நாங்களும் தொட முடியாது. எங்கள் ஆர்ட்டிஸ்ட் ஒருத்தி அந்த கேமின் கதாநாயகியை இன்னும் நோட்டில் வரைந்துகொண்டிருக்கிறாள், அதை இன்ஸ்டாகிராமில் போடக்கூட ஒப்பந்தம் விடாது. உனக்கு இது நடக்கக்கூடாதுடா, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடுத்தது மைல்ஸ்டோன், அதாவது வேலையை முடித்துக் காட்டிப் பணம் வாங்கும் கட்டங்கள். ஒவ்வொரு மைல்ஸ்டோனும் "பப்ளிஷருக்குத் திருப்தியாக இருந்தால்" பணம் தரப்படும் என்று இருக்கிறது. திருப்தி என்றால் என்ன, எத்தனை நாளில் சொல்ல வேண்டும், ஒன்றுமே இல்லை. பத்து வேலை நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல். இது வழக்கமாகக் கேட்பதுதான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ராயல்டி பாதிக்குப் பாதி என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். அந்தப் பாதி எப்போது தொடங்குகிறது என்று பார்த்தாயா? அட்வான்ஸ் ஒன்றரை லட்சம், விளம்பரச் செலவு 50,000, ஆக 2 லட்சம் டாலரை அவர்கள் முதலில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கேம் விலை 20 டாலர் என்று வை. கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம் 30 சதவீதம் எடுத்தால் 14, வரி, ரீஃபண்ட் எல்லாம் போய் 12 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம் (தள்ளுபடியில் விற்றால் இதுவும் நிற்காது). வருகிற பணம் மொத்தத்திலிருந்து கழித்தால் சுமார் 16,700 பிரதி விற்றதும் கடன் அடைந்துவிடும், அதிலிருந்து உனக்குப் பாதி. ஆனால் உன் ஒப்பந்தத்தில் "டெவலப்பரின் பங்கிலிருந்து" கழிக்கப்படும் என்று இருக்கிறது. அதாவது பிரதிக்கு 6 டாலர்தான் உன் கடனுக்குப் போகும், மீதி 6 முதல் நாளிலிருந்தே அவர்களுக்கு லாபம். அப்போது கடன் அடைய 33,000 பிரதிக்கு மேல் விற்க வேண்டும். ஒரே ஒரு சொற்றொடர்தான், இரண்டு மடங்கு வித்தியாசம். விளம்பரச் செலவுக்கு உச்சவரம்பும் இல்லை. அதையும் கேள்.

அந்த "போனஸ்" பிரிவை நம்பி வீட்டு லோன் போடாதே. ஃபால்அவுட் நியூ வேகஸ் கேமைச் செய்த அப்சிடியன் ஸ்டூடியோவுக்கு, விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம், வந்தது 84. ராயல்டியும் கிடையாது, ஃபால்அவுட் என்ற பெயரும் அவர்களுடையது இல்லை, பப்ளிஷர் பெதஸ்டாவுடையது. எவ்வளவு நல்ல கேம் அது! இன்றைக்கும் அந்த வரிசையிலேயே அதுதான் சிறந்தது என்பவர்கள் ஏராளம்.

மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். விட்சர் கதைகளை எழுதிய போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கிக்கு, அவற்றை கேமாகச் செய்த சிடி ப்ராஜெக்ட் கம்பெனி லாபத்தில் பங்கு தர முன்வந்தது. லாபமே வராது, பணத்தை இப்போதே கொடுங்கள் என்று மொத்தமாக வாங்கிக்கொண்டதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கேம் உலகமெங்கும் ஓடிய பிறகு 2018இல் 6 கோடி ஸ்வாட்டி (போலந்துப் பணம்) கேட்டு நோட்டீஸ் அனுப்பினார், அடுத்த வருஷ டிசம்பரில் இரு தரப்பும் புது ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கொடுத்த விலை மிகக் குறைவு என்று பிறகு போய்க் கேட்க போலந்துச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. உன் ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் என்று கடைசிப் பக்கத்தில் பார், வக்கீலிடமும் கேள்.

நீ எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன், முதல் பக்கத்தில் இருக்கும் சொல்விளக்கப் பகுதியை. எனக்கு அதுதான் ஒப்பந்தத்திலேயே முக்கியமான பக்கம். டெட்ரிஸை எடுத்துக்கொள். 1984இல் மாஸ்கோவில் பஜித்னோவ் செய்த கேம், வெளிநாட்டில் விற்கும் அதிகாரம் எலோர்க் என்ற சோவியத் அரசு நிறுவனத்துக்கு. ராபர்ட் ஸ்டெய்ன் என்பவர் கம்ப்யூட்டருக்கு உரிமை வாங்கினார், அது கைமாறிக் கைமாறி ஜப்பான், அமெரிக்கா வரை போய், வீட்டு கேம் மெஷினுக்கும் சேர்த்தே விற்கப்பட்டுவிட்டது. 1989 பிப்ரவரியில் ஸ்டெய்ன், அவரிடமிருந்து உரிமை வாங்கியிருந்த மேக்ஸ்வெல் கம்பெனி ஆள், நின்டெண்டோவின் கையடக்க மெஷினான கேம் பாய்க்கு உரிமை தேடி வந்த ஹெங்க் ரோஜர்ஸ் மூன்று பேரும் ஒரே சமயத்தில் மாஸ்கோவில். எலோர்க்கின் பெலிகோவ் அவர்களைத் தனித்தனியாகப் பார்த்தார். ஸ்டெய்னிடம் ஒரு திருத்தத்தை நீட்டினார், அதில் தாமதக் கட்டணம் பற்றிய பகுதியிலேயே ஸ்டெய்னின் கவனம் இருந்தது. இன்னோர் இடத்தில் ஒரு வரி: கம்ப்யூட்டர் என்றால் பிராசஸர், மானிட்டர், டிஸ்க் டிரைவ், கீபோர்டு, ஆப்பரேட்டிங் சிஸ்டம் உள்ளது. கையெழுத்துப் போட்டார். டிவியில் சொருகி விளையாடும் மெஷினுக்குக் கீபோர்டு ஏது? அந்த உரிமை அவரிடம் இருந்ததே இல்லை என்று ஆகிவிட்டது, நின்டெண்டோ அதை வாங்கிக்கொண்டது. டெங்கன் என்ற அமெரிக்கக் கம்பெனி அதற்குள் தயாரித்து விற்கத் தொடங்கியிருந்த டெட்ரிஸ் கேசட்டுகளை கோர்ட் உத்தரவால் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. பஜித்னோவுக்கோ 1996இல் உரிமை கைக்கு வரும்வரை ராயல்டி என்று ஒரு காசு இல்லை, அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

உன் நகலில் "மேடை" என்பதற்கு "இன்றுள்ள, இனி வரப்போகும் எல்லாம்" என்றும், விற்கும் பகுதி என்பதற்கு "உலகம் முழுவதும்" என்றும் இருக்கிறது. பிசி, ஸ்விட்ச் என்று பெயர் சொல்லி எழுதச் சொல், மற்றதெல்லாம் உன்னிடம். சீனாவையும் தனியாக எடுத்துவிடு. அங்கே விற்க உள்ளூர்க் கம்பெனி வழியாக அரசின் அனுமதி எண் வாங்க வேண்டும், 2018 மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை யாருக்குமே எண் தரவில்லை. அந்தச் சிரமத்தை எடுக்க இவர்களுக்கு மனமில்லை என்றால் உரிமை சும்மா தூங்கும்.

அப்புறம் அந்தத் திருவிழா லெவலில் குழாய் ஸ்பீக்கரில் பழைய சினிமாப் பாட்டு ஓடுகிறதே, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எடுத்துவிடு. ரெக்கார்டிங் ஒருவரிடம், மெட்டும் வரியும் வேறொருவரிடம், இரண்டுக்கும் தனித்தனி லைசென்ஸ் வேண்டும், காலக்கெடுவும் இருக்கும். ஆலன் வேக் கேமைப் பாட்டு லைசென்ஸ் முடிந்துபோனதால் 2017 மே மாதம் கடையிலிருந்தே எடுத்தார்கள், புதுப்பித்துத் திரும்பக் கொண்டுவர 2018 அக்டோபர் ஆனது. டொரண்டோவில் நம்மவர்கள் செய்த வெண்பா நீ விளையாடியதுதானே? அதில் அந்தந்தக் காலத்துப் படப்பாட்டின் வாசனையோடு புதிதாகவே பாட்டுப் போட்டார்கள். உனக்கு நிஜக் கூத்துக் கலைஞர்களே பாடித் தருகிறார்கள், அவர்களுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, விற்பனையில் சின்னப் பங்காவது கொடு.

இவர்கள் இறங்கி வராவிட்டால் வேறு வழியே இல்லை என்று பயப்படாதே. மக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். புனேயில் செய்த ராஜி என்ற கேமுக்கு அங்கே 2017இல் கேட்ட தொகை சேராமல் போனது, முழுத்தொகை சேராவிட்டால் அங்கே ஒன்றும் கிடைக்காது. ஆனால் எபிக் என்ற கேம் கம்பெனியின் மானியம் வந்தது, 2020இல் ஸ்விட்சில் கேம் வந்தது. மானியம் கொடுப்பவர்கள் கேமின் உரிமையைக் கேட்பதில்லை, விண்ணப்பம் எழுதத்தான் பொறுமை வேண்டும். அதை நான் எழுதித் தருகிறேன்.

ஆக இப்போதைக்குச் செய்ய வேண்டியது, பதினோராவது பிரிவில் உரிமை டெவலப்பருக்கே, பப்ளிஷருக்கு ஏழு வருஷ வெளியீட்டு உரிமை என்று மாற்றச் சொல். முழுக்க மறுத்தால், அவர்கள் நிறுத்தினால் எல்லாம் உனக்குத் திரும்பும், கொடுத்த பணத்தைப் பிற்பாடு கேம் வேறிடத்தில் வெளிவந்து சம்பாதித்தால் மட்டும் திருப்பித் தருவேன் என்று கேள். இதற்குக் கீழே இறங்காதே. சென்னையில் இந்த மாதிரி ஒப்பந்தம் பார்க்கும் வக்கீல் ஒருவரை எனக்குத் தெரியும், நம்பரைத் தனியாக அனுப்புகிறேன், செலவைப் பார்க்காமல் ஒருமுறை போய்ப் பார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்களாமே, இரண்டு வாரம் அவகாசம் கேள், கொடுப்பார்கள். திருத்திய நகல் வந்ததும் கையெழுத்துக்கு முன்னால் எனக்கு அனுப்பு.

தங்கச்சியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்