மூன்று நாள் விருந்தாளிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் மருமகளும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று நீ அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். "விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டில் மூன்று நாள். பக்கத்தில் ஜிம் கிடையாது. மூன்று மாதப் பயிற்சியும் வீணாகப் போகிறது. ஏதாவது வழி சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முப்பது ஆண்டு பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவள் நான். இந்த ஒரு விஷயத்திலாவது கடைசி வரி வரை கேள்.

முதலில், மூன்று நாளில் எதுவும் வீணாகப் போகாது. ஓடுகிறவனின் மூச்சுத்திறன் அளந்து சொல்லும்படி குறைவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகும். தசையின் வலு அதைவிடப் பிடிவாதமானது. நான் பயிற்சி கொடுத்த பிள்ளைகளைப் போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள் வேண்டுமென்றே லேசாக விட்டுவிடுவேன். அப்போதுதான் அன்றைக்கு நன்றாக ஓடுவார்கள். போன தடவை எடை இரண்டு கிலோ கூடிவிட்டது என்று புலம்பினாயே, அதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தைத் தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைக்கும்போது, உடல் ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் கூடவே பிடித்துவைக்கும். வழக்கத்துக்கு மேல் உள்ளே போன உப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் நிறுத்திவைக்கும். ஒரு வாரத்துக்குள் முள் இறங்கியிருக்கும். அதை நீ யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாய். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்னவர்கள் எதை நினைத்துச் சொன்னார்களோ தெரியாது, உடம்புக் கணக்குக்கும் அது பொருந்தித்தான் வருகிறது.

ஆனால் போன தடவை அங்கே போயிருந்தபோது உன் முதுகு பிடித்துக்கொண்டது நிஜம். அதற்குக் காரணம் ஓடாததில்லை. நானும் அங்கேதானே இருந்தேன்? காலையில் ஒரு மணி நேரம் எங்கேயோ போய் ஓடிவிட்டு வந்தாய். அதன்பிறகு சோபாவிலிருந்து சாப்பாட்டு மேஜை, மேஜையிலிருந்து சோபா. இரவு பதினொரு மணி வரை உன் பாதயாத்திரை அவ்வளவுதான். மூன்றாம் நாள் மாலை எல்லோரிடமும் எரிந்து விழுந்தாய்.

உனக்கு ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்கிறேன். 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களின் இதயத்தை ஆராய்ந்து எழுதினார். ஒரே பஸ், ஒரே சாலை, ஒரே புகை. டிரைவர் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்தார். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. வந்தாலும் உயிர் போவது குறைவாக இருந்தது. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கையோடு காட்டிய முதல் ஆராய்ச்சிகளில் இது ஒன்று. (அந்த மனிதர் நேர்மையானவர். மூன்று ஆண்டு கழித்து இரண்டு தரப்பினரின் சீருடை அளவுகளையும் எடுத்துப் பார்த்து, டிரைவர்களுக்குக் கண்டக்டர்களைவிட இடுப்புச் சுற்றளவு பெரிதாக இருந்ததையும் அவரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதினார்கள். கால்சட்டை அளவில்கூட உண்மை ஒளிந்திருக்கிறது பார்.)

விடுமுறைக்கு ஆள் கூடும் எந்த வீட்டையும் உற்றுப் பார்த்தால் அந்த பஸ்தான் தெரியும். நாலைந்து பேர் டிரைவர். ஒருவர் கண்டக்டர். என் அக்கா வீட்டில் கண்டக்டர் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உடலை அசைக்க அந்த வீட்டில் வழியே இல்லை என்று எழுதியிருக்கிறாய். அசைவு அங்கே கொட்டிக் கிடக்கிறது. மொத்தத்தையும் ஒரே ஆள் சுமந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இதை நான் கற்றுக்கொண்ட கதை எனக்குப் பெருமையானதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே அக்கா வீட்டுக்கு விடுமுறைக்குப் போயிருந்தேன். விடிந்ததும் பின்புறம் போய்க் கயிறு தாண்டினேன். நானூறு, ஐந்நூறு என்று வாய்விட்டு எண்ணினேன், உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று. அக்கா அதற்கு வெகு முன்பே எழுந்து வேலையைத் தொடங்கியிருந்தாள். ஐந்நூறு முடிந்ததும் ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் வந்தது: "குதித்து முடித்தாயிற்றென்றால் இந்த இரண்டு வாளித் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு வருகிறாயா?" கோபமே இல்லாத குரல். எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே உனக்கான பயிற்சித் திட்டம் இதுதான். தண்ணீர் தூக்கு. மூட்டையை மாடிக்கு ஏற்று. படுக்கைகளை விரி, சுருட்டு. வீட்டைக் கூட்டு. பாத்திரங்களை நின்று கழுவிக் கவிழ்த்துவை. கடைக்கு வண்டி எடுக்காமல் நடந்து போ. ஒரே நடையில் எல்லாவற்றையும் வாங்கிவிடாதே, மறந்துபோனதற்கு மறுபடியும் போ. இதெல்லாம் உடற்பயிற்சியா என்று முகம் சுளிக்காதே. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் அது கணக்கில் சேரும் என்று வைத்திருந்தார்கள். 2020-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் மாடி ஏறினாலும் கணக்குத்தான். மிதமானதா என்று அறிய உன் கைக்கடிகாரம் வேண்டாம். வேலைக்கு நடுவே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாடவும் முடிகிறதென்றால் கொஞ்சம் வேகம் கூட்டு.

வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் ஈடு என்றும் நான் சொல்ல மாட்டேன். வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகளுக்குக் கனமான வேலை வேண்டும். அதற்கு அறையில் பாய் அளவு இடம் போதும்: தண்டால், பஸ்கி, நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்து எழுவது. இருபது நிமிடம். ஓடியே தீர வேண்டுமென்றால் ஓடு. ஆனால் புதிய இடம்; வெளிச்சம் வந்த பிறகு, வண்டிகள் எதிரே வரும் பக்கமாக ஓடு. எந்தப் பாதையில் போகிறாய் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. ஒரு மணி நேரம் வேண்டாம், அரை மணி போதும்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம். அக்கா நாளெல்லாம் நடமாடுகிறாளே, அவள் உடம்பு இரும்பாக இருக்க வேண்டுமே என்று உனக்குத் தோன்றலாம். இல்லை. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் இரத்தம் காலிலேயே தேங்குகிறது. கணுக்கால் வீங்குகிறது, நரம்பு புடைக்கிறது, இடுப்பு வலிக்கிறது. நினைத்தபோது தொடங்கி நினைத்தபோது நிறுத்த முடிகிற உழைப்பு வேறு, நிறுத்த முடியாத உழைப்பு வேறு. மைதானத்தில் ஓய்வு கொடுக்காமல் ஓடவிட்டால் எந்தப் பிள்ளையும் தேறாது. உனக்குத் தேவை எழுந்து நிற்பது. அவளுக்குத் தேவை ஒரு நாற்காலி. நீ எழுந்தால்தான் அந்த நாற்காலி காலியாகும்.

"நீ உட்காரப்பா, விருந்தாளி" என்பாள். உட்காராதே. அனுமதி கேட்டுக்கொண்டு நின்றாலும் காரியம் நடக்காது. கையில் இருப்பதை வாங்கிக்கொள். இரண்டு முறை மறுப்பாள், மூன்றாம் முறை தானாகக் கொடுத்துவிடுவாள். எனக்குத் தெரியும், என் அக்கா.

பெரியப்பா கதை நேர் எதிர். முழங்கால் தேய்மானம் என்று சொன்னதிலிருந்து நாற்காலியோடு நாற்காலியாகிவிட்டார். நடந்தால் மேலும் தேய்ந்துவிடும் என்ற பயம். டயர்தான் ஓட ஓடத் தேயும், மூட்டு அப்படியில்லை. தொடைத் தசை வலுவாக இருந்தால்தான் முழங்காலின் சுமை குறையும். அளவாக நடப்பதும் காலை நீட்டி மடக்குவதும் தேய்மானத்துக்கு மருத்துவர்களே சொல்கிற வழி. மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வா. உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு, நான் மறுக்கவில்லை. திரும்பி வந்து படுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் இரத்தத்தில் சர்க்கரை உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் கால் அசைந்தால், இன்சுலின் தள்ளிவிடக் காத்திராமல் தசையே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பத்து, பதினைந்து நிமிட மெதுநடைக்கே பலன் உண்டு. அவர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், சட்டைப் பையில் இனிப்பாக ஏதாவது வைத்துக்கொள்ளச் சொல். வலி கூடினால் நின்று திரும்பு.

அவர் வேகத்துக்கு நட. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நீ நாலடி முன்னால் போய்த் திரும்பிப் பார்க்கிற ஆள். அவர் நின்றால் நீயும் நில். தெருவில் யாரையாவது பார்த்துப் பேச நிற்பார், அது முழங்காலுக்கு ஓய்வு, அதைச் சொல்லாமல் எடுத்துக்கொள்கிறார். அந்தக் கால்மணி நேரத்தில் சோபாவில் மூன்று நாள் பேசாததையெல்லாம் பேசுவார். எதிரெதிரே உட்கார்ந்தால் வாய் திறக்காத ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் பேசுகிறார்கள். உன் அப்பாவிடமும் நான் இதைப் பார்த்திருக்கிறேன்.

உன் கைக்கடிகாரம் பத்தாயிரம் அடி ஆகவில்லை என்று அதட்டும். அதட்டட்டும். அந்த எண் மருத்துவர்கள் கண்டுபிடித்ததில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடியளவிக் கருவியின் பெயரிலிருந்து வந்தது. 'பத்தாயிரம் அடி அளவி' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். சொல்ல வசதியாக இருந்தது, பரவிவிட்டது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு 2,700 அடி அளவில் நடந்த வயதான பெண்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு தெளிவாகக் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. பெரியப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல். பத்தாயிரம் என்றால் பயந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். நாலாயிரம் என்றால் யோசிப்பார்.

குட்டிக்கும் அங்குள்ள பிள்ளைகளுக்கும் தினமும் ஒரு மணி நேர ஓட்டம் வேண்டும். யாரும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. போனை வாங்கி உயரத்தில் வைத்துவிட்டு ஒரு பந்தை உருட்டிவிடு. பெரியவர்களில் ஒருவர் உள்ளே இறங்கினால் ஆட்டம் இரண்டு மடங்கு நேரம் நடக்கும். அந்த ஒருவர் நீயாக இரு; ஓடிப்பிடித்து விளையாடி முடித்தபின் மூச்சு வாங்குகிறதா என்று எனக்குச் சொல். போட்டி வேண்டாம். போன முறை எட்டு வயதுப் பையனைத் தோற்கடித்துவிட்டுக் கைதட்டினாய்.

பயணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஏழு மணி நேரம் காரில் போகிறாய். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலின் உள்ளே இருக்கும் இரத்தக்குழாயில் இரத்தம் கட்டும் வாய்ப்பு கூடும். கெண்டைக்கால் தசைதான் இரத்தத்தை மேலே ஏற்றும் பம்பு. இரண்டு மணிக்கொரு முறை நிறுத்தி இறங்கி நடங்கள். மருமகளையும் பாதித் தூரம் ஓட்டவிடு. அவள் உன்னைவிட நிதானமாக ஓட்டுகிறாள்.

கடைசியாக ஒரு வேலை. இரண்டாம் நாள் காலையில் உன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெரியம்மாவின் கையில் கட்டிவிடு. எதற்கு என்று கேட்பாள், அம்மா கட்டச் சொன்னாள் என்று சொல். இரவு அவள் படுக்கப் போகும்போது கழற்றி, எவ்வளவு காட்டுகிறது என்று எனக்கு எழுது. மூன்றாம் நாளும் கட்டு. இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறைந்திருக்க வேண்டும்.

அக்காவை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா