பாட்டியின் சவரன்களை கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

அன்புள்ள மகளுக்கு,

நலம்தானே? இங்கே எல்லாரும் சௌக்கியம். பாட்டி விட்டுப்போன மூன்று சவரன்களையும், அந்தப் பழைய பிரிட்டிஷ் தங்கக் காசுகளை, அமெரிக்காவுக்கு கிரேடிங்குக்கு அனுப்பலாம், அசல்தானா என்று பார்த்துத் தரத்துக்கு ஓர் எண் போட்டு அடைத்துத் தருவார்கள் என்று எழுதியிருந்தாய். நேற்று ராத்திரி லென்ஸும் மேசை விளக்குமாக உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு வேண்டாம், ஒன்றைப் பற்றி மட்டும் யோசிக்கலாம் என்றுதான் படுகிறது.

1911 காசின் விளிம்பில், காசுமாலைக்கு வளையம் பற்றவைத்த தழும்பு அப்படியே இருக்கிறது. அதற்கு எண் தரமாட்டார்கள். சேதம் என்று எழுதித்தான் அடைத்துத் தருவார்கள். 1925 காசு பளபளவென்றுதான் இருக்கிறது. ஆனால் அதே ஆண்டைப் பொறித்து 1949, 1951, 1952லும் லண்டனில் அடித்திருக்கிறார்கள், அதனால் அரிதே இல்லை. போதாததற்குப் பாட்டி தீபாவளிக்குத் தீபாவளி பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுப் பிரஷ்ஷால் தேய்ப்பாரே! விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ராஜா கழுத்தருகே மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடுகின்றன. கிரேடிங் செய்பவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான். இவை இரண்டுக்கும் சிராங்கூன் ரோட்டு நகைக்கடைத் தராசு போதும். 22 காரட், 7.98 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம்.

யோசிக்க வேண்டியது 1918தான். காசின் பின்பக்கம் இருக்கும் குதிரைக்குக் கீழே, ஆண்டுக்குச் சற்று மேலே, குட்டியாக 'ஐ' என்ற ஆங்கில எழுத்து. பம்பாயில் அடித்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் அங்கே அந்த ஓர் ஆண்டு மட்டும்தான் சவரன் அடித்தார்கள். இதற்குத் தங்க விலைக்கு மேலே கேட்பவர்கள் உண்டு. மாலையில் கோத்ததில்லை, துணியில் முடிந்தே கிடந்தது. ராஜாவின் புருவமும் தாடியும் மழுங்கவில்லை. 70 வரை போகும் அவர்கள் கணக்கில் 60 அல்லது அதற்கு மேல் என்றால் புழக்கத்தில் தேயாத காசு. அதைத் தொடுமா என்று என்னால் சொல்ல முடியாது. சவரனில் போலியும் ஏராளம், அதனால் அசல் என்ற சான்றுக்கே ஒரு விலை இருக்கிறது.

அதற்கும் செலவைப் பார். கட்டணம், போக வர இன்ஷூரன்ஸோடு தபால், காசின் மதிப்பு கூடினால் கட்டணமும் கூடும். முதலில் இங்கேயே ஒரு நாணய வியாபாரியிடம் காட்டி, கிரேடு இல்லாமல் என்ன தருவார், கிரேடு வந்தால் என்ன தருவார் என்று கேட்கிறேன். வித்தியாசம் செலவைத் தாண்டினால் அனுப்பலாம். அதுவரை தேய்க்காதே என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், கேட்பாளா தெரியாது.

அப்புறம், விற்கிற எண்ணம் உனக்கு உண்டா? பேத்திக்குக் கொடுக்கத்தான் என்றால் அந்தக் கட்டணத்தை அவள் பேரில் வங்கியில் போட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சொல்லு.

அன்புடன்,
அப்பா