படிவம் 1-க்குப் போன பிள்ளைக்கும் பெற்றோரின் நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளை தமிழ்ப்பள்ளியில் படிக்கும்வரை நாம் கூடவே நிற்கிறோம். வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் உட்காருகிறோம், விளையாட்டுப் போட்டிக்கு விடுப்பு எடுக்கிறோம். இடைநிலைப்பள்ளியில் படிவம் 1-க்கோ அதற்கு முன்னுள்ள புகுமுக வகுப்புக்கோ போனதும் "இனி அவனே பார்த்துக்குவான்" என்று விட்டுவிடுகிறோம். அம்மா ஓவர்டைம் எடுக்கத் தொடங்குகிறார், அப்பா அலவன்ஸ் கிடைக்கிறதென்று இரவு ஷிப்டுக்கு மாறுகிறார். பிள்ளை கையில் வீட்டுச் சாவியும் கைப்பேசியும் வந்துவிடுகின்றன. பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. விலைவாசியைப் பார்த்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால், விட்டுவிடுகிற வயதுதான் தவறு.

டொரோண்டோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர் மெலிசா மில்கியும் உடன் ஆய்வாளர்கள் இருவரும் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்கக் குடும்பங்களில் பிள்ளைகள் யாரோடு எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று எழுதிவைத்த நாட்குறிப்புகளே அதற்கு ஆதாரம். 3 முதல் 11 வயதுவரை, தாய் செலவிடும் நேரத்தின் அளவுக்கும் பிள்ளையின் நடத்தை, மனநிலை, படிப்பு ஆகியவற்றுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. 12 முதல் 18 வயதில் தெரிந்தது. தாயோடு சேர்ந்து செலவிட்ட நேரம் கூடியபோது தவறான நடத்தைகள் குறைவாக இருந்தன. தாய் தந்தை இருவரும் சேர்ந்து செலவிட்ட நேரம் கூடிய வீடுகளில் நடத்தைச் சிக்கல்களும் போதைப்பழக்கமும் குறைவு, கணிதத் தேர்ச்சி அதிகம். அங்கே பேசப்பட்ட அளவு வாரத்துக்குச் சுமார் 6 மணி நேரம்தான்.

இது தொடர்பு மட்டுமே. இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல முடியாது. சிக்கலில் இருக்கும் பிள்ளை தானாகவே பெற்றோரைத் தவிர்க்கும், அதனாலும் நேரம் குறையும். தாயின் கல்வியும் குடும்ப வருமானமும் நேரத்தைவிட அழுத்தமாகத் தெரிந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்கு ஒன்று: தாயின் நேரத்துக்கென்றே பலன் தெரிந்த இடமும் அந்த ஆய்வில் இருக்கிறது. மனம் தளர வேண்டாம்.

எது நேரம் என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அம்மா சமையலறையில், மகன் அறையில், அப்பா தொலைக்காட்சி முன்னால்: மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் இது கணக்கில் சேராது. சேர்ந்து ஒன்றைச் செய்ய வேண்டும். சாப்பிடலாம், சமைக்கலாம், சந்தைக்குப் போகலாம், வண்டியைக் கழுவலாம்.

பிறையிலிருந்து பாலம் கடந்து பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குக் காலை 7 முதல் இரவு 7 வரை வேலைக்குப் போகும் பெற்றோரின் வாரத்தைப் பாருங்கள். கம்பெனி பஸ் வீடு சேர்க்கும்போது மணி எட்டைத் தாண்டிவிடும். காலை 5.45க்கு எழுகிற பிள்ளை இரவு 9.45க்குள் படுத்தால்தான் 8 மணி நேரத் தூக்கம் கிடைக்கும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு பாசம் காட்டக் கூடாது. ஆகவே வேலை நாளில் அரை மணி நேரச் சாப்பாடு மட்டும் போதும். வாரத்தில் நான்கு இரவுகளுக்கு அது 2 மணி நேரம். ஓய்வு நாள் காலையில் பசார் போய்வந்து சேர்ந்து சமைத்துச் சாப்பிட 3 மணி நேரம். டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டு அழைத்துவருவதில் மீதி ஒரு மணி நேரம். அந்த வாரம் இருவருக்கும் ஷிப்ட் மாறி மாறி வந்தால் ஓய்வு நாள் ஒன்றையாவது விட்டுவிடாதீர்கள். அட்டவணை கைக்கு வந்த அன்றே, இருவரும் வீட்டில் இருக்கும் நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். விட்டால் கல்யாணமும் கோயில் கூட்டமும் அதைச் சாப்பிட்டுவிடும்.

டியூஷன் முடிந்து ஏறும் பிள்ளை முதல் ஐந்து பத்து நிமிடம் பேசாது. கதவைச் சாத்தியதும் "எத்தனை புள்ளி?" என்று கேட்டால் "தெரியல" என்பதே பதிலாக வரும், பிறகு வீடு வரைக்கும் ஜன்னல் பக்கம்தான் முகம். ஒன்றும் கேட்காமல் ஓட்டுங்கள். வானொலி மெதுவாக ஓடட்டும். வழியில் ரொட்டி சானாய் வாங்க நிறுத்துங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு அதுவே தொடங்கும்: "மா, இன்னைக்கு கிளாஸ்ல ஒருத்தன்..." எதிரெதிரே உட்கார வைத்து விசாரித்தால் வராத பேச்சு, இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வருகிறது. அந்த நேரத்தில் குறுக்கே அறிவுரை சொன்னால் கதை அங்கேயே நின்றுவிடும். மறுநாளும் வராது.

கைப்பேசியைச் சோதிப்பதும் நண்பர்களிடம் துருவித் துருவிக் கேட்பதும் கண்காணிப்பு என்று நினைக்கிறோம். ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000இல் வெளியிட்ட முடிவு வேறு: பெற்றோருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி பிள்ளை தானே வந்து சொன்னது. சொல்வதற்கு ஒரு நேரமும் திட்டாத காதும் வேண்டும், அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேசையில் கைப்பேசி வேண்டாம் என்ற விதி முதலில் அப்பாவுக்கு. வேலைக் குழுவின் வாட்ஸ்அப்பைத் தட்டிக்கொண்டே மகளைக் கண்டித்தால் எடுபடாது. இரவு ஷிப்ட் முடித்து வந்த அம்மா முதலில் தூங்கட்டும். அசதியோடு பிடித்து வைக்கும் நேரம் சண்டையில்தான் முடியும்.

சட்டத்திலும் கொஞ்சம் இடம் இருக்கிறது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் வாராந்தர வேலை நேரத்தை 48இலிருந்து 45 மணி நேரமாகக் குறைத்தது. குறைந்த அந்த 3 மணி நேரமே நமக்குத் தேவையான 6-இல் பாதி. அதை ஓவர்டைமுக்கே திருப்பிக் கொடுக்கலாமா என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டும். அதே திருத்தத்தின்படி வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நம்மவர்களில் பலர் வாய்வார்த்தையாக சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு, இல்லை என்றதும் விட்டுவிடுகிறார்கள். எழுதிக் கொடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து சாப்பிடுவது எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. நம் நாட்டில் பதின்ம வயதினரில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருப்பதாக 2022 தேசியச் சுகாதார ஆய்வு சொல்கிறது. தூக்கமும் பசியும் மாறி, பிடித்த விளையாட்டையும் விட்டு, இரண்டு வாரமாகப் பிள்ளை சுருண்டு கிடந்தால் பள்ளி ஆலோசக ஆசிரியரையோ அரசு சுகாதார கிளினிக்கையோ உடனே பாருங்கள். சாகப் போகிறேன் என்று விளையாட்டாகச் சொன்னாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே அழைத்துப் போங்கள். அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எந்த நேரமும் எடுக்கும்.

இடைநிலைப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். படிவம் 1 பெற்றோர் கூட்டத்தை ஒரே ஒரு சனிக்கிழமை காலையோடு முடித்துவிடாதீர்கள். இரவு ஷிப்ட் முடித்தவர் அப்போதுதான் படுத்திருப்பார். வேலை நாள் இரவு 8.30க்கும் இன்னொரு முறை வையுங்கள். பிள்ளையையும் கூட்டிவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலைப்பள்ளி ஆலோசக ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு