வலியைப் பொறுத்துக்கொள்ளாதே

அன்புள்ள மகளுக்கு,

"தாங்கிக்கலாம்மா, மாத்திரை வேண்டாம்" என்று நேற்று போனில் சொன்னாய். வயிற்றில் ஆபரேஷன் செய்து தையலோடு இருப்பவளுக்கு அந்தப் பிடிவாதம் ஆகாது. வலிக்கு பயந்து மூச்சை மேலோட்டமாக விடுவாய், இருமலை அடக்குவாய், கட்டிலை விட்டு எழமாட்டாய். நுரையீரலில் சளி தேங்கும், அசையாத காலில் ரத்தம் உறையும். மாத்திரை அதைத் தடுக்கத்தான். வலி சுத்தமாகப் போகாது, போக வேண்டியதும் இல்லை. ஆழமாக மூச்சிழுக்க, இரும, நாலு அடி நடக்க முடிந்தால் போதும்.

முதல் இரண்டு மூன்று நாள் வலிக்கிறதா என்று பார்க்காமல், டாக்டர் எழுதிய நேரப்படி போடு. வலி ஏறிய பிறகு விழுங்கினால் அது வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை தவிப்பாய். குளிப்பதும் நடப்பதும் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து இருக்கட்டும்.

எல்லாரும் சறுக்குவது பாராசிட்டமால் கணக்கில்தான். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4000 மில்லிகிராம்தான் உச்சம். உடல் எடை 50 கிலோவுக்குக் குறைவென்றாலோ ஈரலில் கோளாறு இருந்தாலோ அதைவிடக் குறைவு, எவ்வளவு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். 650 மாத்திரை நாலு வேளை போட்டால் 2600. டிரமடால் என்ற கடும் வலிக்கான மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை பலவற்றில் 325 பாராசிட்டமால் இருக்கிறது. அது நாலு வேளை என்றால் 1300. ஆக 3900. ஜலதோஷம் என்று மேலே ஒரு மாத்திரை போட்டாயானால் எல்லை தாண்டியாயிற்று, ஏனென்றால் அதிலும் பெரும்பாலும் பாராசிட்டமால்தான். மருந்தின் பெயரைப் பார்க்காதே, அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படி. அளவு மீறினாலும் முதல் நாள் உடம்பு பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. ஈரல் கெடுவது அதற்குப் பிறகுதான் தெரியும். அதனால் மீறிவிட்டதென்று தெரிந்தால் நன்றாக இருக்கிறேன் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எல்லாம் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் ஒரே மருந்துக் குடும்பம். எழுதிக் கொடுத்த ஒன்று மட்டும், சாப்பிட்ட பிறகு. வாந்தி எடுத்துக்கொண்டு தண்ணீர்கூட இறங்காத நாளில் அதைப் போட்டால் சிறுநீரகம் அடிபடும், அன்று டாக்டரைக் கேட்காமல் போடாதே. வயிற்றுப் புண், ஆஸ்துமா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து இதில் ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மலம் தார் போலக் கறுத்தால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

டிரமடால் தலைசுற்றும், குமட்டும், மலத்தைக் கட்டும். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். மனச்சோர்வுக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. வண்டி ஓட்டாதே. மலம் கட்டிய பிறகு மருந்து தேடாமல், டிரமடால் தொடங்கும் அன்றே மலமிளக்கி வேண்டுமா என்று கேள். தையலோடு முக்குவது அறுத்த வலியைவிட மோசம்.

மாத்திரை இல்லாமலும் ஓரளவு வலியைத் தவிர்க்கலாம். இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் ஒரு தலையணையைத் தையல் மேல் அணைத்து அழுத்திக்கொள். எழும்போது நேராக எம்பாதே. முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடு, கையை ஊன்றி எழு. துளை போட்டுச் செய்த ஆபரேஷன் என்பதால் தோள்பட்டை வலிக்கலாம். வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானம் என்ற தசையை உறுத்துவதால் வருவது அது. நடக்க நடக்க ஓரிரு நாளில் போய்விடும்.

குறைக்கும்போது முதலில் டிரமடாலை விடு, பிறகு ஐபுபுரூஃபன் வகையை, கடைசியில் பாராசிட்டமாலை. மிஞ்சியதைப் பத்திரப்படுத்தாதே, யாருக்கும் கொடுக்காதே.

இறங்கிய வலி திரும்ப ஏறினால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், தையல் சிவந்து சீழ் வைத்தால், வயிறு கல் போல இறுகினால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் இன்னொரு மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காதே. அன்றே டாக்டரிடம் போ. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

இதைப் படித்ததும் உன்னிடம் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா