காவல் நிலையத்தில் வாழும் வினைச்சொல்

ஆசிரியருக்கு வணக்கம்.

வழக்கொழிந்த ஆங்கில வினைச்சொற்கள் பற்றிய கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். 'பர்க்' என்ற வினைக்கு 'மூடிமறைத்தல்' என்று மட்டும் பொருள் தந்துவிட்டு, கட்டுரையாளர் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார். அந்தச் சொல்லின் பின்னால் 16 உயிர்கள் இருக்கின்றன என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

1827-28-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் மருத்துவ வகுப்புகளுக்குச் சடலங்கள் போதவில்லை. வில்லியம் ஹேர் நடத்திய விடுதியில் வாடகை பாக்கியோடு இறந்துபோன முதியவரின் உடலை, ஹேரும் வில்லியம் பர்க்கும் உடற்கூறு ஆசிரியர் ராபர்ட் நாக்ஸிடம் ஏழு பவுண்டு பத்து ஷில்லிங்குக்கு விற்றார்கள். காசின் ருசி கண்டபின் கொலையில் இறங்கினார்கள். ஏழைகளையும் நாதியற்றவர்களையும் அழைத்து வந்து சாராயம் ஊற்றிக் கொடுப்பார்கள். மயங்கியதும் ஒருவர் மார்பின் மேல் படுத்து அழுத்த, மற்றவர் வாயையும் மூக்கையும் பொத்துவார். உடலில் காயம் தெரியாது. நாக்ஸும் கேள்வி கேட்கவில்லை.

பிடிபட்டதும் ஹேர் அப்ரூவராகித் தப்பினார். நாக்ஸ் மீது வழக்கே இல்லை. பர்க் மட்டும் 1829 ஜனவரி 28 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் பெயர் வினையாயிற்று: முதலில், மூச்சுத் திணறடித்துக் கொல்வது, பிறகு, ஒரு விசாரணையையோ கேள்வியையோ சத்தமில்லாமல் அமுக்கிவிடுவது.

பிரிட்டனில் அரிதாகிவிட்ட இந்தச் சொல்லை 'செத்த சொல்' என்று நம் நாட்டில் சொல்லிவிட முடியாது. புகாரை வாங்கிக்கொண்டு முதல் தகவல் அறிக்கை பதியாமல் இழுத்தடிப்பதை நம் காவல் துறை ஆங்கிலத்தில் இன்றும் 'பர்க்கிங்' என்றுதான் குறிப்பிடுகிறது. லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.சதாசிவம் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிடியாணை இல்லாமலே கைது செய்வதற்குரிய குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பிலும் இதே சொல் வருகிறது. எனக்கு இது மிகப் பொருத்தமாகவே படுகிறது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடக் கிடைக்காமல் நிலையத்திலிருந்து திரும்பும் ஏழையின் புகாரும் தடயமில்லாமல்தான் சாகிறது.

தொடரின் அடுத்த பகுதியிலாவது ஒவ்வொரு சொல்லோடும் அது பிறந்த ஊரையும் ஆண்டையும், அதில் சம்பந்தப்பட்ட மனிதர்களையும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பக்கம் போதாவிட்டால் சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
திண்டுக்கல்.