நூறில் ஒரு விநாடி

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. யாழினிக்கு நேர்ந்ததைப் படித்ததும் எனக்கே மனசு ஆறவில்லை. விடிவதற்குள் எழுந்து பயிற்சிக்குப் போய்வந்த பிள்ளை, முதல் ஐம்பது மீட்டரை முன்னணியில் நீந்தி வந்து, திரும்பும்போது ஒரு கை முந்திவிட்டது என்று தகுதி நீக்கம் செய்தால் யாருக்குத்தான் அழுகை வராது! ஆனால் நடுவர்மேல் நீ கோபப்படுவது சரியில்லை. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில், அதாவது மார்பு நீச்சலில், திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே இருந்தாலும் பரவாயில்லை, ஒன்று முந்தக் கூடாது.

ஃப்ரீஸ்டைல் என்றால் கடைசியில் ஒரு கையை எட்டிப் போட்டுச் சமாளித்துவிடலாம், இதில் முடியாது. கால்களை மடக்கி உள்ளே இழுக்கிற நேரத்தில் உடம்பு கிட்டத்தட்ட நின்றுவிடும், உதைத்து நீட்டும்போதுதான் வேகம் வரும். அதனால் சுவர் நெருங்கும்போது, நீட்டின கையோடு அப்படியே வழுக்கிப் போய்த் தொடுவதா, இல்லை அவசரமாக இன்னொரு ஸ்ட்ரோக் (கைவீச்சு) போடுவதா என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் இறுதிப் போட்டியை நீ பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால் யாழினியோடு உட்கார்ந்து பார். பாதித் தூரத்தில் சீனாவின் தாங் சியன்டிங்தான் முதலில் திரும்பினார். இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்காவின் தாட்யானா ஸ்மித் நிதானமாக, நீளமான ஸ்ட்ரோக்குகளோடு எட்டிப் பிடித்து 1 நிமிடம் 5.28 விநாடியில் தங்கம் வாங்கினார். தாங் 1:05.54. அயர்லாந்தின் மோனா மெக்ஷாரி 1:05.59, வெண்கலம். அடுத்து 1:05.60 என்று இரண்டு பேர்: உலக சாதனையைக் கையில் வைத்திருக்கும் அமெரிக்காவின் லில்லி கிங், இத்தாலியின் பெனெடெட்டா பிலாட்டோ. இரண்டாம் இடத்துக்கும் நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட இந்த இருவருக்கும் நடுவே 0.06 விநாடிதான். அந்த வேகத்தில் நூறில் ஒரு விநாடி என்பது ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர், விரல் நுனி அளவு. எத்தனை முறை பார்த்தாலும் யார் முன்னால் தொட்டார் என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை.

நான் சொல்ல வந்ததே பிலாட்டோவைப் பற்றித்தான். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனபோது அவருக்கு 16 வயது. அதற்குச் சில மாதம் முன்புதான் 50 மீட்டரில் உலக சாதனை படைத்திருந்தார். அங்கே 100 மீட்டர் தகுதிச் சுற்றிலேயே தகுதி நீக்கம். யாழினி மாதிரியேதான், ஆனால் உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது! மறு வருடமே அதே 100 மீட்டரில் உலக சாம்பியன் ஆனார். பாரிஸில் நூறில் ஒரு விநாடியில் பதக்கம் போனதும் பேட்டியில் அழுதார். எல்லோரும் ஏமாற்றத்தில் அழுகிறார் என்று நினைத்தார்கள். அவரோ, இது சந்தோஷக் கண்ணீர், என் வாழ்க்கையிலேயே மிக அழகான நாள் இதுதான் என்றார். அவர் நாட்டிலேயே ஒரு முன்னாள் வாள்வீச்சு வீராங்கனை தொலைக்காட்சியில் அதைக் குறை சொல்லி, பிறகு மன்னிப்புக் கேட்டார். எனக்கு பிலாட்டோ சொன்னதில் துளியும் சந்தேகம் இல்லை. முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பப்பட்ட பெண்ணுக்கு உலகத்தின் முதல் நால்வரில் ஒருத்தியாக முடித்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத்தானே தெரியும்?

அப்புறம் தங்கம் வாங்கிய ஸ்மித்தும் 2016 ரியோ ஒலிம்பிக் வாய்ப்பை இதே 0.01 விநாடியில்தான் தவறவிட்டவர். இதையும் யாழினியிடம் சொல்.

யாழினியைத் திட்டாதே, சமாதானம் சொல்லிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். திரும்பும் இடத்துக்கு முந்தைய கடைசி இரண்டு ஸ்ட்ரோக்கைப் பயிற்சியாளரைக் கவனிக்கச் சொல். சுவர் எவ்வளவு தூரம் என்று கணக்குத் தப்பினால்தான் பெரும்பாலும் ஒரு தோள் சாய்ந்து ஒரு கை முந்தும். அவள் திரும்புகிற வீடியோ ஏதாவது இருந்தால் எனக்கும் அனுப்பு, அடுத்த போட்டி எப்போது என்றும் எழுது.

அன்புடன்,
சாந்தி