சபைத் தேர்தலும் கிருபையான பேச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருமண்டலத் (பேராயர் ஒருவரின் கீழுள்ள திருச்சபை நிர்வாகப் பகுதி) தேர்தல் நெருங்கினால், எங்கள் சேகரத்தில் (குருவானவர் ஒருவரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதி) ஞாயிறு ஆராதனை முடிந்து கைகுலுக்கிய சிலரே மாலையில் வாட்ஸ்அப் குழுவில் எதிரணி வேட்பாளரின் குடும்பத்தையும் சாதியையும் இழுத்து ஏசுவது வழக்கமாகிவிட்டது. பேச்சு கிருபை பொருந்தியதாகவும் உப்பால் சாரமேறியதாகவும் இருக்க வேண்டும் என்று வேதாகமத்தில் கொலோசெயர் 4:6-இல் அப்போஸ்தலன் பவுல் எழுதுகிறார். அதற்கு முந்தைய வசனம் சபைக்குப் புறம்பே இருப்பவர்களைப் பற்றியது. அவர்களிடமே அப்படியென்றால், திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்களிடம் எப்படிப் பேச வேண்டும்? சபைக் கணக்கில் குறையிருந்தால் கேட்கத்தான் வேண்டும். கனிவு என்பது வாயை மூடிக்கொள்வதன்று. அதைச் சேகரக் கமிட்டியில், ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, நேருக்கு நேர் கேட்கலாம். வேட்பாளர்கள் தத்தம் அணியினருக்கு இதை இப்போதே சொல்லிவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சபை உறுப்பினர் ஒருவர்,
பாளையங்கோட்டை.